கையில் வாத்தியம் இல்லாத வாத்தியக்காரர்: ஜுபின் மேத்தா

(ஒலிவடிவ எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த தடுமாற்றங்களையும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களையும் எடுத்துவிட்டேன். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

தம்மம்பட்டியில் இருந்து பேசுறேன். பின்னாடி டொக் டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டா மைக் கோளாறுன்னு நினைக்காதீங்க. எங்க தெருவுல மரச்சிற்பப் பட்டறை இருக்கு, உளி சத்தம் அது. ராத்திரி பத்து மணிக்கு மேல ரெக்கார்ட் பண்ணலாம்னு பார்த்தா, ஏதோ கோயில் வாகன ஆர்டராம், அவங்களும் ராத்திரி வேலை பார்க்கிறாங்க.

இந்த வாரம் ஒரு கண்டக்டரைப் பத்திப் பேசப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். "எந்த பஸ்ஸுடா? ஆத்தூர் வண்டியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல கண்டக்டர்னா தோள்ல பை, கையில டிக்கெட், வாயில விசில். வண்டி ஓட்டுறது டிரைவர். ஆனா கண்டக்டர் ரெண்டு விசில் கொடுக்காம வண்டி நகராது. யோசிச்சுப் பார்த்தா இசைக்குழு கண்டக்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் எதையும் வாசிக்கிறதில்லை. ஆனா அவர் கை அசையாம எதுவும் தொடங்காது.

ஏன் திடீர்னு இந்தத் தலைப்பு? ஒரு சொந்தக் காரணம் இருக்கு. ஆபீஸ்ல என்னை டீம் லீட் ஆகச் சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டு மாசமா சோதனை மாதிரி அந்த வேலையைப் பார்த்துட்டும் இருக்கேன். எனக்குப் பிடிச்சது கோட் எழுதுறது. லீட் ஆனா பாதி நாள் மீட்டிங், மீதி நாள் மத்தவங்க கோடைப் படிக்கிறது. "நீ என்ன வேலை பார்க்கிற?"ன்னு யாராவது கேட்டா கையைக் காட்டிச் சொல்ல எதுவும் இருக்காதோன்னு ஒரு பயம். அந்தக் குழப்பத்துல இருக்கும்போதுதான் ஜுபின் மேத்தாவோட கச்சேரி வீடியோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வயலினும் பியானோவும் கத்துக்கிட்டு, டபுள் பாஸ் வாசிச்ச ஒருத்தர், வாத்தியத்தைக் கீழ வச்சுட்டு வெறும் குச்சியோட அறுபது வருஷத்துக்கு மேல நின்னிருக்கார். இந்த ஆளைப் புரிஞ்சுக்கணும்னு தோணுச்சு.

முதல்ல, கண்டக்டர் என்னதான் பண்றார்?

ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவுல எண்பதுல இருந்து நூறு பேர் வரை இருப்பாங்க. நாலு குடும்பங்கள். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் எல்லாம் தந்தி வாத்தியங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் எல்லாம் மரக்காற்று வாத்தியங்கள். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன் எல்லாம் பித்தளை. கடைசியா தாள வாத்தியங்கள். ஒவ்வொருத்தர் முன்னாடியும் அவரவர் வாசிக்க வேண்டியது மட்டும் தாள்ல இருக்கும். பக்கத்துல இருக்கிறவர் என்ன வாசிக்கப் போறார்னு அதுல இருக்காது. முழுசும் இருக்கிறது கண்டக்டர்கிட்ட மட்டும்தான். அதுக்கு ஸ்கோர்னு பேரு. ஒரே பக்கத்துல இருபது, முப்பது வரிசை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஓடும். அத்தனையையும் ஒரே நேரத்துல மேலிருந்து கீழா படிக்கணும்.

அதுல இன்னொரு சிக்கல். சில வாத்தியங்கள் எழுதியிருக்கிற ஸ்வரத்தை வாசிக்கிறதில்லை. சாதாரண கிளாரினெட்ல 'ஸி'ன்னு எழுதியிருந்தா காதுல கேட்கிறது 'பி ஃப்ளாட்'. ஹார்னுக்கு வேற கணக்கு. நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு யூனிட் மாற்றம். கண்டக்டர் அதை மனசுக்குள்ளயே போட்டுக்கிட்டே போகணும்.

பொதுவா வலது கை காலத்தைக் காட்டும். இடது கை அளவைக் காட்டும்: கூட்டு, குறை, நீ வா, நீ பொறு. ஆனா முக்கியமான விஷயம், அடி விழுறதுக்கு முன்னாடி வர்ற அசைவு. எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், என்ன குணம் எல்லாத்தையும் அந்த ஒரு முன்னசைவுலயே சொல்லிடணும். நூறு பேரும் அதைப் பார்த்துத்தான் மூச்சு எடுப்பாங்க. இசை தொடங்கின பிறகு சொன்னா அது தாமதம். கண்டக்டர் எப்பவும் ஒரு கணம் முன்னாடி வாழணும்.

நம்மகிட்ட இப்படி ஒருத்தர் இல்லையான்னு கேட்டா, இருக்கார். பரதநாட்டியத்துல நட்டுவனார். கையில தாளம், வாயில ஜதி, கண்ணு ஆடுறவங்க மேல, காது மிருதங்கத்து மேல. ஆனா அவர் கையில இருக்கிற தாளம் சத்தம் போடும். மேற்கத்திய கண்டக்டர் கையில இருக்கிற குச்சிக்குச் சத்தமே கிடையாது. வித்தியாசம் அங்கதான்.

பம்பாய் வீடு

ஜுபின் மேத்தா பிறந்தது 1936 ஏப்ரல் 29, பம்பாய்ல. பார்சி குடும்பம். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினவர் அவர்தான். அந்தக் காலத்துல இந்த ஊர்ல மேற்கத்திய செவ்வியல் இசைக்குழு நடத்துறதுன்னா எப்படி இருந்திருக்கும்? கோவாக்காரங்க, பார்சிக்காரங்க, பேண்டு வாத்தியக்காரங்கன்னு கிடைச்சவங்களை எல்லாம் சேர்த்துத்தான் குழு.

நாற்பதுகள்ல மெஹ்லி, ஐவன் கலாமியன்கிற பெரிய ஆசிரியர்கிட்ட வயலின் படிக்க நியூயார்க் போயிட்டார். பல வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வந்தார். குடும்பம் இங்க, அப்பா அங்க. வளைகுடாவுக்குப் போன அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் நம்ம பக்கத்துல எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களுக்கு இது புரியும்.

அப்பாகிட்ட வயலின், அப்புறம் பியானோ. பதினாறு வயசுல அப்பாவோட இசைக்குழுவுக்கு ஒரு முழு ஒத்திகையை நடத்தியிருக்கார். ஆனா அடுத்து என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுவீங்க. "பாட்டெல்லாம் சரி, சோத்துக்கு என்ன பண்ணுவே?" பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில மருத்துவத்துக்கான படிப்புல சேர்ந்தார். ரெண்டு வருஷத்துல விட்டுட்டார். 1954ல, பதினெட்டு வயசுல வியன்னாவுக்குக் கிளம்பினார்.

வியன்னா: பின்வரிசை ஆள்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

வியன்னா இசை அகாடமியில ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கிங்கிற ஆசிரியர்கிட்ட கண்டக்டிங் படிச்சார். மாசச் செலவுக்கு அவர்கிட்ட இருந்தது 75 டாலர். வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழு, கார்ல் போம் நடத்த, பிராம்ஸின் முதல் சிம்பொனியை வாசிச்சதைக் கேட்டது தன்னைப் புரட்டிப் போட்ட அனுபவம்னு அவர் பல தடவை சொல்லியிருக்கார். யோசிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் இசைத்தட்டுலயும் அப்பாவோட குழுவுலயும் கேட்ட இசை. முதல் தடவையா அதோட முழு உருவத்துல, நேர்ல. டேப் ரெக்கார்டர்ல மட்டும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன், திருவிழாவுல தவிலுக்குப் பக்கத்துல போய் நின்ன மாதிரி.

கண்டக்டிங் படிச்சுக்கிட்டே ஒரு வாத்தியத்தையும் எடுத்தார். டபுள் பாஸ். ஆள் உயரத்துக்கு மேல இருக்கிற, நின்னுக்கிட்டோ உயரமான ஸ்டூல்ல உட்கார்ந்தோ வாசிக்கிற வாத்தியம். வியன்னா சேம்பர் ஆர்கெஸ்ட்ராவுல அதை வாசிச்சார். பேர் வாங்கித் தர்ற வாத்தியம் இல்லை அது. கச்சேரி முடிஞ்சு பூங்கொத்து முதல் வயலினுக்குத்தான் போகும். ஆனா இளையராஜா பாட்டுல பாஸ் கிட்டார் ஓடுறதைக் கவனிச்சுக் கேட்கிறவங்களுக்குத் தெரியும், அடியில ஓடுற அந்தக் கோடுதான் மேல இருக்கிற மெட்டு எங்க நிக்குதுன்னு முடிவு பண்ணும். பாஸ் ஒரு ஸ்வரம் மாறினா மேல இருக்கிற அதே ராகம் வேற உணர்ச்சி கொடுக்கும்.

இன்னொண்ணு, பாஸ் வாசிக்கிறவர் நிக்கிறது ஓரத்துல, பின்னாடி. அங்க இருந்து பார்த்தா மொத்தக் குழுவும் தெரியும், கண்டக்டரோட முகமும் தெரியும். குழப்பமா கை ஆட்டுற கண்டக்டரால பின்வரிசைக்காரன் எப்படித் தவிக்கிறான்னு அங்க நின்னவனுக்குத்தான் தெரியும். இன்னிக்கு அவர் நடத்துற வீடியோவைப் பாருங்க. அசைவு கம்மி, ஆனா தெளிவு. தேவையில்லாத ஆட்டம் கூடாதுங்கிறது ஸ்வரோவ்ஸ்கியோட பாடமும் கூட.

அடுத்தது ஒரு அசல் ஹேக். பெரிய கண்டக்டர்களோட ஒத்திகையை வெளியாட்கள் பார்க்க முடியாது. கச்சேரியை யார் வேணாலும் காசு கொடுத்துப் பார்க்கலாம். ஆனா வேலை நடக்கிறது ஒத்திகையில. அதுக்கு மேத்தாவும், கூடப் படிச்ச கிளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சிங்ஃபெரைன்கிற கூட்டுப்பாடல் குழுவுல பாடகர்களாச் சேர்ந்துட்டாங்க. பாடுற சாக்குல உள்ள போய் கராயன், புரூனோ வால்டர் மாதிரி ஆட்களோட ஒத்திகையை நேரா எதிர்ல நின்னு பார்த்தாங்க. அந்த அப்பாடோவும் பின்னாடி உலகத்தோட பெரிய கண்டக்டர்கள்ல ஒருத்தர் ஆனார்.

1956ல ஹங்கேரியில புரட்சி நசுக்கப்பட்டு, அகதிகள் ஆஸ்திரியாவுக்குள்ள வந்தாங்க. மேத்தா ஒரே வாரத்துல மாணவர் இசைக்குழு ஒண்ணைத் திரட்டி, வியன்னாவுக்கு வெளியில இருந்த அகதி முகாம்ல கச்சேரி நடத்தினார். இருபது வயசு. ஆட்களைச் சேர்த்து ஒரு காரியத்தை நடத்துறதுங்கிற திறமை குச்சி பிடிக்கிறதுக்கு வெளியிலயே அவர்கிட்ட இருந்திருக்கு.

மாற்று ஆளா வந்தவர்

1957ல டிப்ளமா. 1958ல லிவர்பூல் சர்வதேச கண்டக்டர் போட்டியில முதல் பரிசு. பரிசே ஒரு வருஷ வேலைதான், ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக்ல உதவி நிலையில. அதுக்கப்புறமும் நிரந்தரமா எதுவும் உடனே அமையல. பெரிய கதவுகள் திறந்தது பெரும்பாலும் மத்தவங்க வர முடியாதப்பதான். மான்ட்ரியல்ல இகோர் மார்கேவிச்சுக்குப் பதிலா. இஸ்ரேல்ல 1961ல யூஜின் ஆர்மண்டிக்குப் பதிலா.

"அதிர்ஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா மாற்று ஆளா வர்றதுன்னா என்ன? ஒத்திகை நேரம் கம்மி, சில நேரம் நிகழ்ச்சி நிரலும் நம்ம தேர்வு இல்லை, எதிர்ல இருக்கிறவங்க வேற ஒருத்தரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காங்க. மனப்பாடமா ஸ்கோர் தெரிஞ்சவனாலதான் அதுல நிக்க முடியும். மேத்தா பெரும்பாலும் ஸ்கோரைத் திறக்காமலே நடத்துறவர்னு பேர் வாங்கினவர்.

இதுல அவருக்கு ஒரு மூதாதையர் உண்டு. 1886, ரியோ டி ஜெனிரோ. இத்தாலிய ஓபரா குழு ஒண்ணு வெர்தியோட 'ஐடா'வை நடத்தப் போகுது. கண்டக்டர் பிரச்சினையில அரங்கமே கூச்சல். கடைசியில செல்லோ வாசிச்சுட்டிருந்த பத்தொன்பது வயசுப் பையனை மேடைக்குத் தள்ளினாங்க. மொத்த ஓபராவையும் மனப்பாடமா நடத்தி முடிச்சான். அந்தப் பையன்தான் அர்துரோ தொஸ்கனினி. பக்கத்து வரிசைக்காரன் என்ன வாசிக்கிறான்னு காது கொடுத்துக் கேட்ட செல்லோக்காரனாலதான் அது முடிஞ்சிருக்கும்.

மேத்தாவுக்கு வருவோம். 1961ல மான்ட்ரியல் சிம்பொனியோட இசை இயக்குநர். 1962ல லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக். வயசு 26. ஒரே நேரத்துல வட அமெரிக்காவுல ரெண்டு பெரிய குழுக்கள். லாஸ் ஏஞ்சலஸ் கதையில கொஞ்சம் ஆபீஸ் அரசியலும் இருக்கு. அங்க தலைமைக்கு வர வேண்டியவர் ஜார்ஜ் ஷோல்டி. தன்னைக் கேட்காமலே மேத்தாவை உதவி கண்டக்டராப் போட்டுட்டாங்கன்னு அவர் விலகிட்டார். பதவி உதவியாளருக்கே வந்துடுச்சு. 1978 வரைக்கும், பதினாறு வருஷம் அங்க இருந்தார்.

நான் 28. என் டீம்ல என்னைவிட மூத்தவங்க ரெண்டு பேர். அவங்களுக்கு வேலை சொல்லவே தொண்டை அடைக்குது. 26 வயசுப் பையன், தன்னைவிட இருபது, முப்பது வயசு மூத்த வாத்தியக்காரங்க முன்னாடி குச்சியைத் தூக்கினப்ப என்ன நினைச்சிருப்பான்?

அவர் வாய் தவறின இடமும் உண்டு. 1967ல ஒரு பத்திரிகைப் பேட்டியில, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கைவிடத் தன் குழு மேல்ங்கிற மாதிரி பேசிட்டார். நியூயார்க் வாத்தியக்காரங்களுக்குக் கடும் கோபம். வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்துச்சு. விதியைப் பாருங்க, 1978ல அதே குழுவுக்கு இசை இயக்குநராப் போனார். நியூயார்க் விமர்சகர்கள் அவரை ஒண்ணும் தலையில தூக்கி வச்சு ஆடல. பல வருஷம் குத்தினாங்க. ஆனாலும் 1991 வரைக்கும் பதிமூணு வருஷம் அங்க நின்னார்.

ஓபரா: இது வேற லெவல் சிஸ்டம்

1963ல மான்ட்ரியல்ல புச்சீனியோட 'டோஸ்கா'. அதுதான் அவர் நடத்தின முதல் ஓபரா. 1965 டிசம்பர்ல நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவுல 'ஐடா'. அப்புறம் 1985ல இருந்து ஃப்ளோரன்ஸ்ல மாஜியோ மியூசிகாலே குழுவோட முப்பது வருஷத்துக்கு மேல. 1998ல இருந்து 2006 வரை மியூனிக்ல பவேரிய அரசு ஓபராவோட தலைமை இசை இயக்குநர்.

கச்சேரிக்கும் ஓபராவுக்கும் என்ன வித்தியாசம்? கச்சேரியில எல்லாரும் கண்டக்டரைச் சுத்தி, அவங்க முன்னாடி தாள். ஓபராவுல இசைக்குழு மேடைக்கு முன்னாடி பள்ளத்துல. பாடகர்கள் மேல, வேஷம் போட்டு, மனப்பாடமா, நடிச்சுக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு, சில நேரம் செத்துக்கிட்டும் பாடுறாங்க. பின்னாடி அறுபது, எழுபது பேர் கோரஸ். திரைக்குப் பின்னாடி இன்னும் ஒரு சின்ன வாத்தியக் குழு. அவங்களுக்குக் கண்டக்டர் தெரிய மாட்டார். கேமராவும் மானிட்டரும்தான்.

இங்க நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம் வருது. லேட்டன்ஸி. ஒலி காத்துல ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையோட ஆழத்துல 17 மீட்டர் தள்ளி கோரஸ் நின்னா, அவங்க குரல் கண்டக்டர் காதுக்கு வர 50 மில்லி செகண்ட் ஆகும். இசைக்குழு சத்தம் அவங்களுக்குப் போகவும் அதே 50. காதால கேட்டுப் பாடினா ரெண்டும் சேர்ந்து 100 மில்லி செகண்ட் தாமதம். ஆன்லைன் கேம் ஆடுறவங்களுக்கு இந்த எண்ணோட வலி தெரியும். அதனால கோரஸ் காதை நம்பாம கண்ணை நம்பணும். குச்சியைப் பார்த்துப் பாடணும். கண்டக்டருக்கு அவங்க தாமதமாத்தான் கேட்கும், ஆனா கை அவங்களுக்காகத் தயங்கக் கூடாது. தயங்கினா மொத்த வண்டியும் மெதுவாகிட்டே போகும்.

இந்தப் பிரச்சினையோட உச்சம் 1992 ஜூலையில ரோம்ல நடந்துச்சு. 'டோஸ்கா' கதை நடக்கிறது ரோம் நகரத்துல மூணு நிஜ இடங்கள்ல: ஒரு தேவாலயம், ஒரு அரண்மனை, ஒரு கோட்டை. ஓபராவை அந்த நிஜ இடங்கள்லயே, கதையில சொல்லியிருக்கிற அதே நேரத்துலயே நடத்தி, டிவியில நேரலையாக் காட்டலாம்னு முடிவு பண்ணினாங்க. முதல் அங்கம் சாந்த் ஆந்த்ரேயா தேவாலயத்துல பகல்ல. ரெண்டாவது ஃபர்னேசே அரண்மனையில ராத்திரி. மூணாவது சாந்த் ஆஞ்சலோ கோட்டையில மறுநாள் விடியற்காலை. கேத்தரின் மால்ஃபிட்டானோ, பிளாசிடோ டொமிங்கோ, ருஜ்ஜேரோ ரைமாண்டி பாடினாங்க.

இசைக்குழு எங்க இருந்துச்சு தெரியுமா? அந்த இடங்கள்ல இல்லை. ரோம்லயே வேற ஒரு ஸ்டூடியோவுல, மேத்தாவோட. பாடகர்களுக்கு இசை கம்பி வழியாப் போகும். மேத்தாவோட கை மானிட்டர்ல தெரியும். அவங்க குரல் இவருக்குத் திரும்பி வரும். கண்ணுக்கு முன்னாடி பாடகர் இல்லாம, அவர் மூச்சு எடுக்கிறதை நேர்ல பார்க்க முடியாம, நூத்துக்கும் மேற்பட்ட நாடுகள் நேரலையில பார்த்துட்டிருக்கும்போது நடத்தினார். இன்டர்நெட் வீட்டுக்கு வராத காலம். இன்னிக்கு நாம ரெண்டு பேர் வீடியோ கால்ல சேர்ந்து பிறந்தநாள் பாட்டுப் பாட முயற்சி பண்ணிப் பாருங்க. அப்ப புரியும் அந்த வேலை என்னன்னு.

என் தப்பு, பக்கத்துப் பட்டறை

போன மாசம் நடந்த ஒண்ணைச் சொல்றேன். டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர். ஒரு மாட்யூல் கொடுத்தேன். அவர் எழுதினது ஓடுச்சு, ஆனா அழகா இல்லை. மறுநாள் ரிலீஸ். ரிவ்யூல கமெண்ட் போட்டு விளக்கிக்கிட்டு இருக்கிறதுக்குப் பதிலா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து நானே மொத்தத்தையும் மாத்தி எழுதிட்டேன். காலையில எனக்கு அவ்வளவு திருப்தி. அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் எந்தக் கோட் கொடுத்தாலும், "அண்ணா, நீங்க எப்படியும் மாத்துவீங்கல்ல"ன்னு அரைகுறையாத்தான் கொடுக்கிறார். தப்பு அவர் மேல இல்லை.

கண்டக்டர் ஒருத்தர் மேடையில இருந்து இறங்கிப் போய், வயலின்காரர் கையில இருந்து வில்லைப் பிடுங்கி, "இப்படி வாசிக்கணும்"னு வாசிச்சுட்டு வந்தா எப்படி இருக்கும்? அதைத்தான் நான் பண்ணினேன். நானே வாசிச்ச அந்த நாலு வரி நல்லா இருந்திருக்கும். மீதி எண்பது பேரும் அந்த நேரத்துல கண்டக்டர் இல்லாம நின்னாங்க.

இதை யோசிச்சுக்கிட்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். அங்க மூத்த ஆசாரி ஒருத்தர். நான் சின்னப் பையனா இருக்கும்போது வாகை மரத்துல தாமரை இதழ் செதுக்கிட்டிருப்பார், நான் செதில் பொறுக்குவேன். இப்ப அவர் பெரும்பாலும் மரத்துல கோடு போட்டுக் கொடுக்கிறதோட சரி. ஆழமா வெட்டுறது ஒருத்தர், முகம் எடுக்கிறது ஒருத்தர், மெருகு போடுறது ஒருத்தர். "உளியைத் தொடாம இருக்கிறது கஷ்டமா இல்லையாங்க பெரியப்பா?"ன்னு கேட்டேன்.

"ஆரம்பத்துல கை அரிக்கும் தம்பி. அவன் தப்பா வெட்டும்போது பிடுங்கிடலாமான்னு இருக்கும். பிடுங்கினா அந்த ஒரு சிலை நல்லா வரும். அடுத்த சிலைக்கு அவன் வர மாட்டான்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, திரும்பிக்கூடப் பார்க்காம, உள்ள பார்த்துச் சத்தம் போட்டார்: "டேய், உளி மழுங்கிருச்சு பாரு, தீட்டு." சத்தத்தை வச்சே சொல்றார். நாப்பது வருஷம் உளி பிடிச்ச காது.

எனக்கு டபுள் பாஸ் ஞாபகம் வந்துச்சு. வாத்தியத்தைக் கீழ வைக்கலாம். ஆனா வாத்தியம் பழக்கின காது கீழ இறங்காது. அது கூடவே வரும்.

அதிகாரத்துக்கு ஓர் எல்லை

இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கோட அவருக்கு அரை நூற்றாண்டு உறவு. 1969ல ஆலோசகர், 1977ல இசை இயக்குநர், 1981ல வாழ்நாள் முழுக்கன்னு அறிவிப்பு. 2019 அக்டோபர்ல விடைபெற்றார். அங்க வாக்னரோட இசையைப் பொதுவில வாசிக்கிறதில்லை. யூத வெறுப்பை எழுதினவர், நாஜிகள் கொண்டாடினவர் வாக்னர். 1981ல டெல் அவிவ்ல கச்சேரி முடிவுல, வேண்டாம்னு நினைக்கிறவங்க எழுந்து போகலாம்னு சொல்லிட்டு மேத்தா வாக்னரைத் தொடங்கினார். அரங்கத்துலயே எதிர்ப்பு வெடிச்சுது. இன்னிக்கும் அந்த வழக்கம் பெருசா மாறல. நூறு பேரைக் கையசைவுல நடத்துறவருக்கும், கேட்கிறவங்களோட காயத்தைக் கையசைச்சு மாத்த முடியாது. இசை பெருசுதான்னு நானும் நினைக்கிறவன். ஆனா அன்னிக்கு எழுந்து நின்னவங்க பக்கமும் நியாயம் இருக்குன்னு தோணுது.

அதே மனுஷர் 1994ல, முற்றுகையில இருந்த சரயேவோவுக்குப் போய், குண்டு விழுந்து எரிஞ்ச தேசிய நூலகத்தோட இடிபாட்டுக்குள்ள, அந்த ஊர் இசைக்குழுவை வச்சே மோட்சார்ட்டோட 'ரெக்வியம்' நடத்தினார். இறந்தவங்களுக்கான பிரார்த்தனை இசை அது.

சென்னைக்கு வந்த நாள்

2005 டிசம்பர் 26. சுனாமிக்குச் சரியா ஒரு வருஷம். சென்னை மியூசிக் அகாடமியில பவேரிய அரசு இசைக்குழுவோட மேத்தா நினைவுக் கச்சேரி நடத்தினார். மார்கழி மாசம், தம்புராவும் மிருதங்கமும் கேட்கிற மேடை. அங்க ஒரு ஜெர்மன் இசைக்குழு, முன்னாடி பம்பாய்க்காரர். நான் அப்ப பள்ளிக்கூடப் பையன், எனக்கு இது எதுவும் தெரியாது. அந்த வருஷம் சுனாமி நினைவு நாள்னு பள்ளியில ரெண்டு நிமிஷம் நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு.

நம்ம இசையோட அவருக்குத் தொடர்பே இல்லைன்னும் சொல்ல முடியாது. ரவிசங்கரோட ரெண்டாவது சிதார் கான்செர்ட்டோ 'ராகமாலா'வை 1981ல நியூயார்க் குழுவோட நடத்தினார். 1985ல நம்ம எல். சுப்ரமணியத்தோட 'ஃபேண்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்', அதுவும் நியூயார்க் குழுவோடதான். வயலின் வீட்டுல பிறந்த ஒருத்தர், இன்னொரு வயலின் வீட்டுல பிறந்தவருக்குக் குச்சி பிடிச்சிருக்கார். இத்தனை நாட்டுல வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை விடல. 1966ல பத்மபூஷண், 2001ல பத்மவிபூஷண்.

எங்க தொடங்கலாம்?

கேட்க ஆரம்பிக்கணும்னா மூணு சொல்றேன். ஒண்ணு, வியன்னா புத்தாண்டுக் கச்சேரி. 1990, 1995, 1998, 2007, 2015 ஆகிய அஞ்சு வருஷம் அவர் நடத்தியிருக்கார். வால்ட்ஸ் இசை, முதல் தடவை கேட்கிறவங்களுக்கும் இனிக்கும். ரெண்டு, 1990 உலகக் கோப்பை கால்பந்து சமயத்துல ரோம்ல நடந்த மூணு டெனர்கள் கச்சேரி. பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ். மூணு பெரிய குரல்களுக்கு நடுவுல ஒருத்தர் எப்படி வழி விடுறார், எப்படி இழுத்துப் பிடிக்கிறார்னு பாருங்க. மூணு, நான் சொன்ன ரோம் 'டோஸ்கா'.

ஒரு சின்ன வீட்டுப்பாடமும். முதல் தடவை மெட்டைக் கேளுங்க. ரெண்டாவது தடவை ஹெட்போன் போட்டு, டபுள் பாஸை மட்டும் பின்தொடருங்க. அதே பாட்டு வேற பாட்டா மாறும்.

என் விஷயத்துக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை சரின்னு சொல்லப் போறேன். ஒரே ஒரு நிபந்தனை கேட்டிருக்கேன்: வாரத்துல ஒரு நாள் நானும் கோட் எழுதணும். ரிலீஸுக்குப் போற முக்கியமான கோட் இல்லை, சின்னச் சின்ன வேலைதான். காது மழுங்கிடக் கூடாதுல்ல. அப்புறம் அந்தத் தம்பிகிட்ட நேத்து பேசினேன். "இனிமே உன் கோடை நான் மாத்த மாட்டேன், கமெண்ட் மட்டும்தான் போடுவேன்"னேன். "நிறைய வருமாண்ணா?"ன்னு கேட்டார். வரும்னு சொன்னேன். சிரிச்சார். ரெண்டு மாசத்துல முதல் தடவை.

உங்கள்ல யாராவது இப்படி வாத்தியத்தைக் கீழ வச்சவங்க இருந்தா, அது வகுப்பறையா இருக்கலாம், சமையல்கட்டா இருக்கலாம், தறியா இருக்கலாம், எப்படிப் பழகினீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன். இப்போதைக்கு வர்றேன். உளி சத்தமும் நின்னுடுச்சு, பட்டறையில விளக்கை அணைச்சுட்டாங்க.